ஆடலும் ஆடையும்

மக்கள் உடுக்கும் உடைகளுள் சில பலர்க்கும் பொதுவாய் அமைவன; சில ஒருவர்க்கே உரியனவாய் அமைவன. சென்னைக்கு மேற்கே உள்ள ஆவடியில் படைவீரர்க்கு உடை தைக்கும் அரசினர் தொழிற்சாலை ஒன்று 1961ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்குத் தைக்கப்பெறும் சட்டையை அணியப் போகும் வீரன் யாவன் என்பதைத் தைப்பவர் அறியார். அறிய வேண்டுவதும் இல்லை. வகுத்து வைத்த அளவுகளுள் ஒன்று அவனுக்குப் பொருந்திவிடும். அணிவகுப்பில் நூறு வீரர் நின்றால் நூற்றுவரும் ஒருவரே போலத் தோன்றுதல் வேண்டும் என்பதே அவ்வுடையின் நோக்கம்.

அவ்வாவடியிலும், அதனை அடுத்த திருமுல்லைவாயில், அம்பத்தூர், பூவிருந்தவல்லி முதலிய ஊர்களிலும் பரதநாட்டியம் பயிலும் சிறுமியர் பலர் உளர். நவராத்திரி நெருங்குங்கால் அவர்களுட் சிலர் புதிய நடன உடைக்காகத் தையற்காரர் முன் நிற்பர். நடன உடை தைப்பதில் கைதேர்ந்தவர் அளவெடுக்கும் முறையைச் சற்றே உற்று நோக்குதல் வேண்டும். சிறுமியை நேராக நிறுத்தி அளப்பதோடு அவர் அமையார். முழங்கால்களை இருபுறமும் விரித்து மடக்கி அரைமண்டியில் இருக்கச் செய்து அப்போதும் அளப்பார். நிற்குங்கால் அழகாய் இருந்து, அரைமண்டியில் இறுகித் தையல் விடும் உடை எத்துணை விலையுயர்ந்த பட்டாயினும் நடனத்திற்கு ஆகாது. ஆடுவாள் ஒருத்தியின் உடலுக்கும், அவ்வுடல் அசையும் வகைக்கும் ஏற்ப அமைவதே ஆடலுடை.

ஆடலுக்கெனத் தனி ஒப்பனை வேண்டும் என்னும் கருத்துத் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் ஆண்டில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள். அவள் ஆடிய அரங்கின் அளவும், அதில் தொங்கிய மூவகைத் திரைகளும் அக்காப்பியத்தில் கூறப்பெறுகின்றன. கடலாடு காதையில் அவள் அணிகள் வரிசையாகச் சொல்லப்பெறுகின்றன. ஆண்டு இளங்கோவடிகள் கொண்ட முறை கருதத்தக்கது. முகத்தை முதலிற் பாடுவதே புலவர் பலர்க்கும் இயல்பாக, அடிகளோ செம்பஞ்சுக் குழம்பு ஊட்டிய பாதத்தில் தொடங்கிப் பரியகம், நூபுரம், பாடகம், சதங்கை, அரியகம் எனக் காலணிகளை எண்ணிய பின்னரே இடைக்கும், தோளுக்கும், காதுக்கும், தலைக்கும் செல்கின்றார். ஆடுவார்க்கு முதலுறுப்புக் காலே என்பதை அறிந்த புலவர் வைத்த வரிசை போலும் அது! அதே காதையில் கொடுகொட்டி முதலாகக் கடையம் ஈறாகப் பதினொரு கூத்துகளை மாதவி ஆடியதும், ஒவ்வொன்றனையும் அதனதற்குரிய கோலத்தோடு ஆடியதும் கூறப்பெறுகின்றன. மரக்கால் பூண்டு ஆடும் கூத்திற்கு உரிய கோலம் குடைக்கூத்திற்குப் பொருந்தாதன்றோ?

காப்பியத்தில் சொல்லாக இருப்பது கோயில்களில் கல்லாக இருக்கின்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் விமானத்தின் மேல்நிலைச் சுவர்களில் நூற்றெட்டுக் கரணங்களுள் 81 வடிக்கப்பெற்றுள்ளன. அக்கோயிலுக்கென நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை முதலாம் இராசராசன் குடியமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் வகுத்த செய்தி அங்குள்ள கல்வெட்டால் விளங்குகின்றது. சிற்பங்களிலும் ஓவியங்களிலும் காணும் ஆடல் மகளிரின் உடை உடலோடு ஒட்டிக் கால்களைத் தடுக்காமல் அமைந்தது. அதனைக் கண்ட சிலர், இன்று மேடையில் காணும் தைத்த உடை சோழர் காலத்திலேயே இருந்தது என்று கூறிவிடுவர். அது பிழை. இன்றைய உடை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குள் தோன்றியது. அதன் கதை தமிழ்நாட்டில் மட்டும் நிகழ்ந்ததும் அன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதிர் ஆடிய இசைவேளாளர் மரபு மகளிர், நீண்ட பட்டுப்புடைவையைக் காற்சட்டையின் மேல் கொசுவி உடுத்து, ரவிக்கை அணிந்து, இடையில் ஒட்டியாணம் பூட்டி ஆடினர். பல மடிப்பாகச் சுற்றிய அப்புடைவை கனமானது. உடுத்துக்கொள்ள நெடுநேரம் ஆகும். உடுத்தத் தெரிந்த மற்றொருவர் துணையும் வேண்டும். கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த அம்மகளிரைச் சமூகம் பழித்த காலம் அது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பெற்றது. வழக்கத்தின் மீது எழுந்த வெறுப்பு ஆடலின் மீதும், ஆடுவார் உடுத்த உடையின் மீதும் படிந்தது. உடை என்ன பிழை செய்தது?

இந்நிலையில் ஆடல் கற்க முன்வந்தவர்களுள் ஒருவர் ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார். அவர் 1904ஆம் ஆண்டு மதுரையிற் பிறந்தவர். 1928ஆம் ஆண்டில் உருசிய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவா பம்பாய்க்கு வந்தபோது அவர்தம் ஆடலைக் கண்டு வியந்த அம்மையார், பாவ்லோவாவின் குழுவினரான கிளியோ நோர்டி என்பாரிடம் பாலே நடனமும் சிறிது பயின்றார். சொந்த நாட்டுக் கலையை நாடுமாறு பாவ்லோவா அவரைத் தூண்டினார் என்பர். பின்னர் மயிலாப்பூர்க் கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935ஆம் ஆண்டு இறுதியில் அடையாற்றில் பலரறிய ஆடினார். அடுத்த ஆண்டில் கலாக்ஷேத்திரம் தோன்றியது.

பாலே நடனத்தின் உடை வரலாறு ஈண்டுச் சிறிது அறியத்தக்கது. ஐரோப்பிய அரண்மனைகளில் ஆடிய மகளிர் முதலில் தரையைத் தொடும் கனத்த பாவாடையே அணிந்தனர். அப்பாவாடைக்குள் கால் என்ன செய்கின்றது என்பதைக் காண்பார் எவரும் அறிய இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகரில் ஆடிய மரி கமார்கோ என்பார் விரைந்த கால்வேலையில் வல்லவர். அது காணப்பெறுதல் வேண்டும் என்று பாவாடையைச் சில அங்குலம் உயர்த்தினார். அக்காலத்தில் அது பெருங்குற்றமாகப் பேசப்பட்டது. 1832ஆம் ஆண்டில் மரி தாலியோனி மெல்லிய வெண்துகிலைப் பல அடுக்காகத் தைத்து அணிந்து, காற்றில் மிதப்பவர் போல ஆடினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பாவாடை மேலும் குறுகி, இடையைச் சுற்றி விரிந்து நிற்கும் தட்டுப் போல ஆயிற்று. கால்வேலை நுணுக்கம் பெறப் பெற உடை குறுகியது என்று சுருங்கச் சொல்லலாம்.

அந்த மெல்லிய துகிலால் விளைந்த கேடும் உண்டு. அக்காலத்து மேடைகளில் எரிவாயு விளக்குகள் திறந்த சுடராக எரிந்தன. எம்மா லிவ்ரி என்னும் பெண் பாரிசு நகரில் 1862ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒத்திகைக்கு வந்தபோது, அவள் பாவாடை விளக்கின் சுடரிற் பட்டுத் தீப்பற்றியது. எட்டுத் திங்கள் துன்புற்று, 1863ஆம் ஆண்டு சூலையில் அவள் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது இருபதே. தீப்பற்றாதவாறு துணியை மருந்துநீரில் தோய்க்கும் முறை அந்நாளிலேயே இருந்தது. அவ்வாறு தோய்த்தால் துகிலின் வெண்மை மங்கி விறைத்துப்போகின்றது என்று அவள் அதனை ஏற்கவில்லை. எரிந்து எஞ்சிய துணித்துண்டுகள் இன்றும் பாரிசில் போற்றி வைக்கப்பெற்றுள்ளன.

மீண்டும் அடையாற்றுக்கு வருவோம். ருக்மிணிதேவி அம்மையார், கோயிற் சிற்பங்களின் உடையமைப்பை ஒருபுறமும், பாலே உடையில் கண்ட தையல் நுணுக்கத்தை மற்றொருபுறமும் மனத்திற் கொண்டார். கசான் அம்மையார் என்னும் இத்தாலிய நாட்டுத் தையற்கலைஞர் அவருக்குத் துணை நின்றார். சுற்றி உடுத்தும் புடைவையை வெட்டி, மடிப்புகளை நிலையாகத் தைத்து, சில நொடிகளில் அணியத்தக்க உடையாக அவர்கள் ஆக்கினர். பட்டும் சரிகையும் நம் நாட்டின. வெட்டும் முறை மேனாட்டிலிருந்து கற்றது. வடிவம் சிற்பத்தை நோக்கியது. மூன்று இடங்களிலிருந்து வந்தவை ஓருடையாக இணைந்தமையால் அதற்கு இழுக்கொன்றும் இல்லை. பழமையானது என்று பொய்ப்பெயர் சூட்டுவதே இழுக்கு.

அவ்வுடையின் உறுப்புகள் பொதுவாக ஐந்து. ரவிக்கை ஒன்று, காற்சட்டை ஒன்று, மார்பின் குறுக்கே சென்று இடையில் முடியும் மேலாக்கு ஒன்று, இடையின் பின்புறத்தை மூடும் துண்டு ஒன்று, இரு கால்களுக்கும் இடையே தொங்கும் விசிறி ஒன்று. இவற்றுள் விசிறியே உயிர்நிலை. நிற்குங்கால் மடங்கிக் கிடக்கும் அக்கொசுவம், அரைமண்டியில் கால் விரிந்தவுடன் மயில் தோகை போல் விரிகின்றது. எழுந்தால் மீண்டும் தானே மடிகின்றது. அரைமண்டி செவ்வையாக அமையாவிடின் விசிறி ஒருபுறம் விரிந்து மறுபுறம் தொங்கும். ஆடுவாள் குறையை ஆசிரியர் சொல்லுமுன் விசிறி சொல்லிவிடும்!

இவ்வைந்து உறுப்புகளையும் பெரும்பாலும் ஒரே பட்டுப்புடைவையினின்று வெட்டுவர். முந்தானையின் சரிகைப் பகுதி விசிறிக்குப் போகும். கரை, ரவிக்கையின் கையோரத்திற்கும் காற்சட்டையின் அடியோரத்திற்கும் போகும். வெறும் உடற்பகுதி காற்சட்டையாகும். ஆறு கெசத்துள் ஒரு சாணும் வீணாகாமல் வெட்டுவது தனித்திறமை. நெசவாளர் தறியில் சில நாள் நெய்த புடைவையைக் கத்தரியால் வெட்டுதற்குத் துணியும் கை தவறினால் அதனை மீட்க வழியில்லை. ஆதலின் இத்தொழிலில் வல்ல தையற்காரரை நடன ஆசிரியர்கள் தங்கள் பக்கவாத்தியக்காரரைப் போலவே மதிப்பர்.

அப்பட்டு பெரும்பாலும் காஞ்சிபுரத்தது. கருநாடகத்திலிருந்து பட்டு நூலும், சூரத்து நகரிலிருந்து சரிகையும் காஞ்சிக்கு வர, அங்கு அவை புடைவையாகின்றன. உடலை ஒரு நிறத்திலும் கரையைப் பிறிதொரு நிறத்திலும் நெய்து, இரண்டையும் தறியிலேயே பிரியாது கோக்கும் முறைக்குக் கோர்வை என்று பெயர். ஆடலுடையில் கரை தனியே தெரிதல் வேண்டும் ஆகலின் கோர்வைப் பட்டு அதற்கு மிகவும் ஏற்றது. காஞ்சிப் பட்டுக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பெற்றது. காஞ்சியினின்று சென்னை வரும் பெருவழி பூவிருந்தவல்லியைக் கடந்தே வருகின்றது. திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்து, அங்கு மலர்ந்த பூக்களைக் காஞ்சி வரதராசருக்குச் சுமந்து சென்றார் என்பது வைணவ மரபு. அன்று பூச் சென்ற வழியில் இன்று பட்டு வருகின்றது.

தைத்த உடையை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணலாகாது. தஞ்சாவூர் பாலசரசுவதி அம்மையார் 1925ஆம் ஆண்டில், தம் ஏழாம் வயதில், காஞ்சியிலேயே அரங்கேறியவர். இசைக்கும் ஆடலுக்கும் பெயர்பெற்ற பழங்குடியில் வந்த அவர், இறுதிவரை உடுத்தும் புடைவையிலேயே ஆடினார். 1973ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் அவர். சத்தியஜித் ராய் 1976ஆம் ஆண்டில் அவரைப் பற்றி எடுத்த படத்தில், கடற்கரையில் காற்று வீச, புடைவை உடுத்து அவர் ஆடும் காட்சி உள்ளது. விரியும் விசிறி அங்கு இல்லை. கண்ணும் முகமும் கையுமே கண்ணனை அழைக்கின்றன. அப்படத்தைக் கண்டவர், புடைவையால் ஆடல் குறைவுற்றது என்று சொல்ல மாட்டார். தைத்த உடை அடவின் கோட்டைத் தெளிவாகக் காட்டும். உடுத்த புடைவை அபிநயத்தின் பொறுமைக்கு இடந்தரும். ஒன்றை உயர்த்துதற்கு மற்றொன்றைத் தாழ்த்த வேண்டுவதின்று. ஆயினும் பல ஆண்டுகள் பலர் அவ்வாறே தாழ்த்திப் பேசினர் என்பதை மறைப்பதும் நேர்மையன்று.

பூவிருந்தவல்லி, திருவள்ளூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் வேறோர் ஆடலுடையும் உண்டு. அது தெருக்கூத்துக்கு உரியது. தொண்டைநாட்டில் திரௌபதையம்மன் திருவிழாக்களில் இரவு முழுதும் நிகழும் கூத்தில், அரசராகவும் வீரராகவும் வருவோர் மரத்தாலாகிய கிரீடமும், தோளில் புஜக்கட்டையும், மார்பில் பதக்கமும் பூணுவர். எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, வண்ணந்தீட்டி, கண்ணாடிச் சில்லுகள் பதித்தவை அவை. ‘கட்டை’ எனப்பெறும் இவ்வணிகளாலேயே அக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர் வழங்குகின்றது. சிறு விளக்கொளியிலும் அக்கண்ணாடிச் சில்லுகள் மின்னித் தொலைவில் அமர்ந்தவர்க்கும் துரியோதனனைக் காட்டும். இடையைச் சுற்றி விரியும் பாவாடை, கிறுகிறுவெனச் சுழலுங்கால் குடை போல் எழும். பட்டு மேடைக்கு உகந்தது. கட்டை தெருவுக்கு உகந்தது. பட்டை மட்டும் கலையென்று எண்ணி, கட்டையை ஒதுக்குவார் அறிவு அரைகுறையானதே.

உடையில் காலத்துக்குக் காலம் விருப்பம் மாறி வருகின்றது. விசிறிக்கு மாறாகப் பாவாடை போல் தைப்பதை விரும்புவோர் உளர். சிற்பக் கரணங்களை ஆய்ந்த பத்மா சுப்பிரமணியம் அம்மையார், அச்சிற்பங்களை ஒட்டிய உடையமைப்பை மேற்கொண்டார். ஒருகாலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விசிறிகளை அடுக்கும் வழக்கம் மிகுந்தது. இப்போது சிலர் பழையபடி உடுத்தும் புடைவைக்கே திரும்புகின்றனர். நகையும் குறைந்து வருகின்றது. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்பெறும் கெம்புக்கல் பதித்த கோயில் நகைகளே நடனத்திற்குரியவை. நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், இராக்குடி, மாட்டல், ஒட்டியாணம் என அவை பலவாம். அசல் நகை சிலர்க்கே இயலும். அதே வடிவில் மலிந்த உலோகத்தாற் செய்தவற்றையே பெரும்பாலோர் அணிகின்றனர். நான்காம் வரிசைக்கு அப்பால் இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

விலையைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறாது போதல் தகாது. புடைவை, தையற்கூலி, நகை, சலங்கை, செயற்கைச் சடை, ஒப்பனைக்காரர் ஊதியம் ஆகிய அனைத்தும் சேர்ந்தால் தொழிலாளர் குடும்பத்திற்கு அது தாங்கரும் சுமை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைப்பவர் ஒருவர், பாட்டும் தாளமும் நன்கு வாய்த்த தம் மகளை, உடைக்குப் பொருளின்மையால் மேடை ஏறுமுன் நிறுத்திவிட நேர்ந்தால் அவ்விழப்பு அவள் ஒருத்தியோடு போவதில்லை. வாடகைக்கு உடை தரும் கடைகள் உள்ளன; அவற்றை நாடுவதில் நாணுதற்கு ஒன்றும் இல்லை. செயற்கை இழையாலான மலிந்த துணியில் தைப்போரும் உளர். மேலும், நாள்தோறும் பயிலுதற்குக் காற்சட்டையும் முழங்கால் அளவான பருத்திப் புடைவையும் போதும். அது வேர்வையை உறிஞ்சும், நாள்தோறும் துவைக்கலாம், கஞ்சியிட்டால் மடிப்பும் நிற்கும். கலை பெரும்பகுதி அந்தப் பருத்தியில்தான் வளர்கின்றது.

செயற்கைத் துணி உடுத்துவோர் விளக்கை எண்ணி நடத்தல் வேண்டும். மேடையோரத்தில் நடராசர் திருவுருவின் முன் குத்துவிளக்கு எரிவது வழக்கம். பட்டு எளிதில் தீப்பற்றாது. பற்றினும் மெல்லக் கருகி, சுடரை அகற்றினால் பெரும்பாலும் அவிந்துவிடும். செயற்கை இழையோ உருகிச் சொட்டித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விளக்கை ஆடுவார் சுழலும் எல்லைக்கு அப்பால் வைப்பதும், வணக்கத்திற்காக அருகிற் செல்லுங்கால் விசிறியையும் தொங்கும் தலைப்பையும் ஒதுக்கிப் பிடிப்பதும் சிறுமியர்க்கு முதலிலேயே கற்பித்தற்குரியன.

பட்டுடையின் பெரும்பகை வேர்வை. ஒன்றரை மணி நேரம் ஆடியபின் ரவிக்கை முழுதும் நனைந்திருக்கும். வேர்வையில் உள்ள உப்புப் பட்டிழையை நாளடைவில் நைந்துபோகச் செய்யும், சாயத்தையும் மாற்றும். ஆதலின் ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் களைப்பில் உடையைச் சுருட்டிப் பையில் அடைத்துவிட்டு, மறுநாட் காலையில் எடுத்துப் பார்ப்போர் வருந்தவே நேரும். அன்றிரவே அதனை உட்புறம் வெளியாகத் திருப்பி, நிழலில், காற்றுப்படத் தொங்கவிடல் வேண்டும். வெயிலில் காயவைத்தால் சாயம் வெளிறும்; பட்டும் வலுவிழக்கும். ரவிக்கையின் அக்குளில் இரு பருத்தித் திண்டுகளை நூலோட்டித் தைத்துக்கொண்டால் வேர்வையை அவை ஏற்கும். ஆட்டம்தோறும் அவற்றைப் பிரித்துத் துவைத்து மீண்டும் தைக்கலாம். அரையணா வேலை ஆயிரக்கணக்கான ரூபாயைக் காக்கும். பட்டை அடிக்கடி துவைப்பதும் தகாது.

சரிகைக்கு வேறொரு பகையுண்டு. நல்ல சரிகை என்பது, பட்டுநூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசியது. காற்றில் கலந்துள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் அது கறுக்கும். விசிறி மடிப்புக் கலையாதிருக்க இரப்பர் வளையம் இட்டுக் கட்டுவோர் பலர். இரப்பரிலும் கந்தகம் உண்டு. வளையம் கிடந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும். பருத்தி நாடாவே ஏற்றது. வாசனை நீரை உடையின்மேல் தெளிப்பதும், அந்துருண்டையைச் சரிகைமேற் படுமாறு இடுவதும் ஆகா. வசம்புத் துண்டையும் கிராம்பையும் சிறு துணியில் முடிந்து ஓரத்தில் வைத்தால் பூச்சி அணுகாது. பாட்டிமார் கைக்கொண்ட முறை இது. பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். பழைய வேட்டித் துண்டு ஒன்றில் சுற்றி வைப்பதே நன்று. வெள்ளைத் துணியாயின் இன்னும் நன்று. சாயம் இறங்குமோ என்னும் அச்சம் இல்லை. இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறி, மடிப்பை மாற்றி மடித்து வைத்தல் வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அம்மடிப்பிலேயே பட்டுக் கிழியும். விசிறியின் கொசுவத்தை மட்டும் மாற்றலாகாது. அதனைத் தைத்த மடிப்பின்படியே நீவி, மேலே மெல்லிய துணி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி இடுதல் வேண்டும்.

உடுத்தும் நாளிலும் ஒழுங்கு ஒன்று உண்டு. கையிலும் காலிலும் இடும் செஞ்சாயம் நன்கு உலர்ந்த பின்னரே பட்டைத் தொடுதல் வேண்டும். முகப்பூச்சு முடிந்த பின் ரவிக்கையைத் தலைவழி மாட்டினால் கழுத்தோரம் கறைபடும். ஆதலின் நடன ரவிக்கையைத் திறந்து கொக்கியிடுமாறு தைப்பர். கொக்கியைப் பெரிதும் நம்பி, மேலே இரண்டு தையலும் இட்டுக்கொள்ளாத சிறுமி, வர்ணத்தின் நடுவில் மேலாக்கைப் பிடித்துக்கொண்டு ஆட நேரும். இரும்பு ஊசிகளைக் குத்தியபடியே உடையைப் பெட்டியில் வைத்தால் துருக்கறை நிலைத்துவிடும். கெம்பு நகைகளில் கற்கள் அரக்கின்மேல் பதிந்திருத்தலால், அவற்றை வெந்நீரில் கழுவுவது கற்களை ஒவ்வொன்றாக உதிர்ப்பதற்கு ஒப்பாகும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பஞ்சில் பொதிந்து வைத்தல் போதும். சலங்கையின் தோலும் வேர்வையால் கெடுவதே. துடைத்து உலர்த்தாவிடின் தையல் இற்று, மேடையில் மணிகள் சிதறும். காலுக்கு ஐந்து வரிசை கட்டிய பெண்ணுக்கு ஒரு மணி உதிர்ந்தால் ஓசை குறையாது. உதிர்ந்த மணியை வெறுங்காலால் மிதித்தால் அடவு நிற்கும்.

தைப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. வளரும் சிறுமிக்கு உடை தைக்குங்கால், ரவிக்கையின் பக்கத் தையலிலும் காற்சட்டையின் அடியிலும் தோளிலும் இரண்டு அங்குலத் துணியை வெட்டாமல் உள்ளே மடித்து விடச் சொல்லல் வேண்டும். பத்து வயதில் தைத்தது பதின்மூன்று வயது வரை பிரித்துத் தைக்கப் பயன்படும். அதன் பின்னர் அவ்வுடை அவளுக்குச் சிறிதாகும், பட்டு நைந்திராது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் உள்ள நடன ஆசிரியர்கள் சிலர், அத்தகைய உடைகளை வாங்கி வைத்து, தங்களிடம் பயிலும் அடுத்த சிறுமிக்கு அளவு திருத்திக் கொடுக்கின்றனர். அக்காளுக்குப் பிரித்த தையலைத் தங்கைக்கு மீண்டும் மடித்துத் தைக்குங்கால், பழைய ஊசித் துளைகளின் வரிசை பட்டில் தெரியும். சரிகைக் கரையின் ஒரு நூலிழையை அதன்மேல் ஓட்டினால் அவ்வரிசை மறைந்துவிடும்.